லாரி நிறைய மாமன்கள்

மலைப்பாதையில் இரண்டு வளைவு திரும்பினாலே நவ்ஷாத்துக்குத் தலை கிறுகிறுக்கும். அப்படிப்பட்டவன் பிழைப்புக்காகத் தேடிப் பிடித்தது கொல்லிமலையில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம்.

"உனக்கு வேற தொழிலே கெடைக்கலையாடா?" என்று அக்கா காமிலா தலையில் அடித்துக்கொண்டாள்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். காமிலாவின் கணவர் இறந்தபின், அக்காவுக்கும் அவள் மகள் தஸ்னீமுக்கும் துணையாக இருக்கத்தான் அவன் முள்ளுக்குறிச்சிக்குக் குடிவந்திருந்தான். காலையில் அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போய் மலை பஸ்ஸைப் பிடிப்பான். சாயங்காலம் வெளிறிப்போன முகத்தோடு வீடு திரும்புவான். கொஞ்ச நாளில் கண்டக்டர் ஒரு வழி சொன்னார். "வாயத் தொறந்து பாடுங்க பாயி, கொமட்டாது."

பாடினான். குமட்டவில்லை. கேட்டவர்கள்தான் பாவம் என்று காமிலா நினைத்தாள். குரல், தகரத்தைத் தெருவில் இழுத்த மாதிரி இருக்கும். தெரிந்த பாட்டெல்லாம் பாதி மலையிலேயே தீர்ந்துபோக, சொந்தமாகக் கட்டத் தொடங்கினான். கண்டக்டரின் மீசைக்கு ஒரு பாட்டு, அன்னாசிப் பழத்துக்கு ஒரு பாட்டு, மூடி தொலைந்த தூக்குப் போசிக்கு ஒப்பாரி. மலைமேல் அரியூர் நாட்டுச் செங்கோடன் பின் சீட்டில் உட்கார்ந்து தகர டின்னில் தாளம் போடுவார். உச்சிக்குப் போவதற்குள் பஸ்ஸே பாடிக்கொண்டிருக்கும். அந்தத் தாளத்தில் ஒட்டிக்கொண்ட சிநேகம், செங்கோடன் வீட்டில் அவனுக்கென்று தனித் தட்டு வைக்கும் அளவுக்கு வளர்ந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் தஸ்னீமுக்கு நிக்காஹ். ராசிபுரத்து மாப்பிள்ளை. சம்பந்தி ஜாபர் உசேன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று காமிலா ஆள் கணக்குப் பார்த்துத்தான் பிரியாணிக்குச் சொல்லியிருந்தாள்.

நிக்காஹ் முடிந்து பந்தி போடுகிற நேரம். மண்டபத்து வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் ஆட்கள் இறங்கினார்கள். இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக ஆண்கள், கனகாம்பரம் வைத்த பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பலாப்பழங்கள், வாழைத்தார்கள், மூட்டை மூட்டையாகக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி.

காமிலா தம்பியைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துப்போனாள்.

"யாரையெல்லாம்டா கூப்பிட்டே?"

"நான் எங்கக்கா கூப்பிட்டேன்? பஸ்ஸுல பாட்டு தீந்துபோச்சு. கல்யாணத்தையே பாட்டாப் பாடினேன்."

"எத்தனை நாளு?"

"ஒரு மாசமா."

அதற்குள் செங்கோடன் உள்ளே வந்து, கையிலிருந்த சீர்த் தாம்பாளத்தைக் காமிலாவின் முன் வைத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க அக்கா, பாயி எங்க கூடப் பொறந்தவரு மாதிரிங்க. அவரு மாமன்னா நாங்களும் மாமனுங்கதானுங்களே? சீர் கொண்டாந்திருக்கறோம். மேளமும் இருக்குதுங்க. பள்ளிவாசல் பக்கத்துல வேண்டாமுன்னு லாரியிலயே உட்டுப்போட்டு வந்தோம்."

"சீரெல்லாம் சரிங்கண்ணா, சோறு பத்தாதே!" காமிலா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

செங்கோடனின் மனைவி கண்ணாயி சேலையை இழுத்துச் செருகினாள். "இதுக்கா கண்ணு கலங்கறீங்க? அண்டா எங்கீங்க இருக்குது?"

சமையல்காரர் குறுக்கே நின்று பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மலைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கிழங்கை உரித்துத் தள்ளினார்கள். நவ்ஷாத் புதுச் சட்டையோடு விறகைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வெந்த கிழங்கு மாவாகப் பூத்தது. அதன்மேல் கறி எலும்பு போட்ட தால்சாவை ஊற்றிப் பந்திக்குக் கொண்டுபோனார்கள். முதல் இலை ஜாபர் உசேனுக்கு. காமிலா தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அவர் ஒரு வாய் எடுத்தார். யோசித்தார். பிரியாணியை ஓரமாக ஒதுக்கினார்.

"இது இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார்.

மறுபடியும் கேட்டார். அதற்குப் பிறகும் கேட்டார். கடைசியில் இலையிலிருந்து நிமிர்ந்து, "பொண்ணுக்கு ஒரு மாமன்தான்னு சொன்னாங்க. இது என்ன லாரி நெறைய வந்திருக்காங்க?" என்று கேட்டவர், தான் சொன்னதற்குத் தானே சிரித்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. காமிலா தூணைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

நவ்ஷாத்தின் ஆயுள் அதிகமில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவன் எழவில்லை. உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க அன்றும் மலையிலிருந்து லாரி வந்தது. தோள்களுக்கா பஞ்சம்? மாற்றி மாற்றிச் சுமந்தார்கள்.

மறு வருஷம் செங்கோடன் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். காமிலா தஸ்னீமையும் கூட்டிக்கொண்டு முதன்முறையாக மலையேறினாள். தம்பியின் வியாபாரச் சரக்கில் மிச்சமிருந்ததில் பெரிய குடமாகப் பார்த்துச் சீருக்கு எடுத்திருந்தாள்.

மாமன்மார்களின் தலையில் உருமால் துணி கட்டுகிற நேரம் வந்தது. வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"பாயிக்குன்னு வெச்ச உருமால் இருக்குதுங்க," என்றார் செங்கோடன். "நீங்க வந்து நில்லுங்க அக்கா."

"நானா? பொம்பளைக்கு உருமாலா?"

"வாங்க சாமி, யாரு கேக்கறது!" என்று கண்ணாயி அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினாள். முக்காட்டின் மேலேயே உருமாலைக் கட்டினார்கள். அது நழுவி ஒரு கண்ணை மூடியது. மேளக்காரன் குஷியாகிக் குறுக்கே புகுந்து வெளுத்து வாங்க, மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தஸ்னீம் சுவரில் சாய்ந்து, "அம்மா, போதும்மா, வயிறு வலிக்குதும்மா" என்று கெஞ்சினாள்.

காமிலா உருமாலைக் கழற்றவில்லை. குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்ற மாமன்களோடு மாமனாக மணமேடையைச் சுற்றி வந்தாள்.