காப்பு கட்டிய கையில் போன்

என்னுடையது தையல் மிஷின் தந்த தொண்டை. தாராவியில் ஒரு கார்மென்ட் பட்டறையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைப்பது என் வேலை. பதினாறு மிஷின் ஒன்றாக ஓடும் அறையில் நூல் வேண்டுமென்றால்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் மகளைக் கூப்பிட்டால் சந்து முனையில் இட்லி விற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். மகள் மட்டும் திரும்ப மாட்டாள்.

இரண்டு வருடமாக இதே கூத்துதான். பாடத்துக்கென்று வாங்கிக் கொடுத்த போனில் ஒரு விளையாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தீவு, நாலு நாலு பேராக அதில் இறங்குவார்கள், சுட்டுக்கொள்வார்கள், கடைசிவரை நிற்கிற கூட்டம் ஜெயிக்கும். காதில் பெரிய ஹெட்போன். "ஏட்டி, சாப்பிட வா" என்று மூன்று தடவை கூப்பிட்டு, நாலாவது தடவை முதுகில் தட்டினால்தான் அசைவாள். அதற்கும் பதில் ஹிந்தியில் வரும், "ஆ ரஹி ஹூன் நா", வந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று. நான் பயந்துபோயிருந்தேன். பெற்ற பிள்ளை எட்டடி தூரத்தில் உட்கார்ந்தபடியே என்னை விட்டுப் போய்விட்டாள் என்று தோன்றும். என் வீட்டுக்காரர் "சின்னப் பிள்ளதான, விடேன்" என்பார். அவருக்கென்ன, அவர் கூப்பிடுவதே இல்லை.

பட்டறையிலும் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான். கண் போய்விடும், கழுத்து வளைந்துவிடும், புத்தி மழுங்கிவிடும் என்று ஆளுக்கொன்று சொல்வோம். இதையெல்லாம் எங்கே தெரிந்துகொண்டோம் என்றால், போனில்தான். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன், வாயில் பிள்ளைகளைப் பற்றிய கவலை. அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை.

போன மே மாதம், மகள் ஒன்பதாவது முடித்த லீவில், எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை நவி மும்பைப் பக்கம் நெருளில் அவளுடைய விளையாட்டுக்கு ஃபைனல் என்று அவள் யாரிடமோ பேசியது என் காதில் விழுந்தது. அவளைப் போகவிடாமல் தடுக்க எனக்கு ஒரு யோசனை பிறந்தது. கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, கறி மீன் தொடக் கூடாது. ஆகவே செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டு, "இந்த வருசம் நீயும் முளைப்பாரி எடுக்கணும், வா, காப்புக் கட்டிக்க" என்றேன். மறு பேச்சு இல்லாமல் கையை நீட்டினாள். மஞ்சள் துண்டு கோத்த நூலைப் பூசாரி அவள் மணிக்கட்டில் கட்டினார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எம்மா, நாளைக்கு நெருள் போறேன். ஃபைனல் இருக்கு."

"கையப் பாருட்டி. காப்புக் கட்டியிருக்க. எல்லையத் தாண்டக் கூடாது."

"நெருள் எல்லைக்கு வெளியயா?"

"பின்ன? கடலத் தாண்டிப் போகணும்லா!"

"அப்ப நம்ம முளைப்பாரி எங்க வளருது?"

வசமாக மாட்டிக்கொண்டேன். முளைப்பாரியைக் காப்புக் கட்டிய அன்று விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்க்க வேண்டும். முன்பெல்லாம் எங்கள் சந்தில் ஒரு வீட்டின் உள்ளறையில் வளர்ப்போம். இந்த வருடம் அந்த அறையில் நாலு தையல் மிஷின் ஏறிவிட்டது. தாராவியில் சும்மா கிடக்கிற இருட்டு அறைக்கு எங்கே போவது? நெருளில் என் அக்கா வீட்டில் ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. அங்கே வைக்கலாமா என்று கேட்டபோது கோயில் கமிட்டிக்காரர்கள் யோசித்தார்கள். நான்தான் நடுவில் நின்று, பட்டறைத் தொண்டையில், "நம்ம சனம் எங்க இருக்கோ அதுவரைக்கும் நம்ம எல்லைதான்!" என்று வாதாடி ஜெயித்தேன். ஏழு பெண்களின் முளைப்பாரி அங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் காப்புக் கட்டிய கையோடு நானே ரயிலேறிப் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

"நீ போனா எல்லைக்கு உள்ள, நான் போனா வெளியயா?" என்றாள். எல்லாவற்றையும் முன்பே யோசித்துத்தான் அவ்வளவு சுலபமாகக் கையை நீட்டியிருக்கிறாள், கள்ளி!

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன். "சரி, நானும் கூட வாரேன். ஜெயிச்சா போன் உன் கையில. தோத்தா பத்தாவது பரீட்ச முடியுற வர பீரோவுல. சம்மதமா?"

"டன்" என்றாள். காப்பைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு மேல் இருவருமே வாக்கு மாற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை குர்லாவில் பன்வெல் ரயிலேறினோம். செம்பூரில் ஒரு அக்காவும் தங்கையும் ஏறினார்கள், மான்குர்தில் பக்கத்து டிராம்பேயில் இருக்கிற ஒருத்தி ஏறினாள். என் மகளையும் சேர்த்து இந்த நாலு பேரும்தான் ஒரு டீம். இரண்டு வருடமாகத் தினம் பேசிக்கொள்கிறவர்கள் அன்றுதான் முகம் பார்த்தார்கள்! டிராம்பேக்காரி என் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அரே, நீ இவ்வளவு குட்டையாட்டி?" என்றாள். நாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் பெட்டியில் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருநாள் விளையாட்டில் முகம் தெரியாத ஒருத்தி திருநெல்வேலிப் பேச்சில் "சவமே" என்று திட்ட, என் மகள் "நீ நம்ம ஊர்ப் பக்கமா?" என்று கேட்க, அப்படிச் சேர்ந்த கூட்டமாம். எனக்கு இது எதுவுமே தெரியாது.

நெருளில் ஒரு கலையரங்கம். மேடையில் இந்தப் பக்கம் எங்கள் நாலு பெண்கள், அந்தப் பக்கம் காலேஜ் படிக்கிற நாலு பையன்கள். பின்னால் பெரிய திரை. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் கோப்பை. ஆட்டம் நடக்கும்போது பார்க்கிறவர்கள் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, சத்தமே கூடாது என்று டீ-ஷர்ட் போட்ட நடுவர் ஒருவர் ஹிந்தியில் இரண்டு தடவை சொன்னார். நானும் தலையாட்டினேன்.

விளையாடுகிறவர்கள் பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். பையன்கள் ஹிந்தியில் பேசினார்கள். எங்கள் பிள்ளைகள் என்ன பேசப் போகிறார்கள் என்று பார்த்தால், என் மகளின் குரல் அரங்கம் முழுக்க வந்தது.

"ஏட்டி, பைய வா! அங்கன நில்லு! ஆக்கங்கெட்டவளே, செவத்துக்குப் பொறத்தால போகச் சொன்னேம்லா!"

அத்தனையும் என் வார்த்தை. என் திட்டு, என் இழுப்பு, என் தொண்டை. வீட்டில் ஹிந்தியில் முனகுகிறவள், எதிராளிக்குப் புரியக் கூடாதென்று இங்கே சுத்தத் திருநெல்வேலித் தமிழில் படை நடத்துகிறாள். மற்ற மூன்று பேரும் "சரிட்டி, சரிட்டி" என்று அவள் சொன்னபடி ஓடுகிறார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் இது என்ன பாஷை என்று கேட்டார். "எங்க வீட்டு பாஷை" என்றேன். பெருமை தாங்கவில்லை.

முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் கடைசியாக என் மகள் ஒருத்தியும் எதிரில் ஒரு பையனும் மிஞ்சினார்கள். அவள் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி முன்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையில் எங்களுக்குத் தெரிகிறது, அவன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறான். எட்டடி. ஆறடி. நான் என்னை மறந்தேன்.

"ஏட்டி, பொறத்தால வாராண்டி!"

அவள் திரும்பினாள். சுட்டாள். ஜெயித்தாள்.

அரங்கம் முழுக்கக் கைதட்டல். அதற்குள் பையன்கள் எழுந்து கையை உயர்த்தினார்கள். நடுவர் நேராக என்னிடம் வந்து, நான் என்ன சொன்னேன் என்று ஹிந்தியில் கேட்டார். அந்த அரங்கத்தில் நான் சொன்னது புரிந்தவர்கள் நாலே பேர், நாலும் எங்கள் பிள்ளைகள். "சாமியக் கும்பிட்டேன்" என்று சொல்லியிருந்தால் கோப்பை எங்களுக்கு. மேடையில் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் நூல், என் மணிக்கட்டிலும் மஞ்சள் நூல்.

"பின்னால ஆள் வருதுன்னு சொன்னேன்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆட்டத்தை மறுபடி ஆடச் சொன்னார்கள். அதில் தோற்றோம்.

பிள்ளைகள் அழுவார்கள் என்று பார்த்தேன். டிராம்பேக்காரிதான் முதலில் சிரித்தாள். "ஆன்ட்டி, உங்களையே டீம்ல சேத்துருக்கலாம்!" என்றாள். அதற்குப் பிறகு நாலும் அடக்க முடியாமல் சிரித்தன. நேரே அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கால் கை கழுவிவிட்டு ஸ்டோர் ரூமில் நுழைந்தார்கள். முளைப்பாரி ஒரு சாண் வளர்ந்து வெளுத்த மஞ்சளில் நின்றது. ஒவ்வொருத்தியும் தண்ணீர் தெளித்தாள். அக்கா "குலவ போடுங்கட்டி" என்றாள். டிராம்பேக்காரி போட்ட குலவையில் எதிர் ஃபிளாட் கதவு திறந்தது.

திரும்பும்போது மான்குர்தில் ஒருத்தி, செம்பூரில் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஊர்வலத்துக்கு மூவரும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் போனை அணைத்து என் மடியில் வைத்தாள்.

"பீரோவுல வச்சுக்கம்மா. சொன்ன சொல்லு."

"என் வாயாலதானட்டி தோத்தீங்க. இந்தத் தோல்வி செல்லாது" என்று அவள் கையிலேயே திணித்தேன். "அடுத்த ஆட்டம் எப்ப?"

"ஜூன்ல."

"வாயில துணியக் கட்டிக்கிட்டு வாரேன்."

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் மத்தியானத்திலிருந்து மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அம்மாம் பெரிய ஹெட்போன மாட்டியிருந்தியே, நான் கத்துனது எப்பிடிட்டி கேட்டுச்சு?"

"உன் சத்தம் எந்த ஹெட்போனுக்கும்மா அடங்கும்?"

"அப்ப வீட்டுல?"

ரயில் குர்லாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"வீட்டுலயும் கேக்கும்."

"ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு வருசமாத்தான்" என்று சொல்லிவிட்டு, ரயில் நின்றதும் இறங்கி ஓட்டமெடுத்தாள்.

"ஏட்டி, நில்லுட்டி!" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் நின்று திரும்பினாள், முதல் கூப்பாட்டிலேயே.