இறங்கிப் பாடியவன்

எங்கள் ஊர் பஜனை மன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேல் முன்பாட்டுக்காரன் நான்தான். நான் ஓர் அடி பாடுவேன், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். மார்கழி மாதம் முழுக்க, விடிவதற்கு முன் கோயிலிலிருந்து புறப்பட்டு நாலு தெருவும் சுற்றி வருவோம். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேய்போல அடிக்கும். தென்னைகள் போடும் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் பாட வேண்டும். எனக்குக் கத்த முடிந்தது. அதையே பாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் மன்றத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். பாதிப் பேருக்கு எழுபது தாண்டிவிட்டது, பனியில் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஒரு ஸ்டூடியோவில் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், ஆள் குறைகிற நாளில் ஒலிபெருக்கியில் போடலாம். பாலக்காட்டு ஸ்டூடியோக்காரர் ஒன்று சொல்லி அனுப்பினார். அங்கே ஒவ்வொருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனித்தனி மைக்கில் பாட வேண்டியிருக்கும், தன் குரல் தன் காதிலேயே விழும், பழக்கம் இல்லாதவர்கள் தடுமாறுவார்கள், வீட்டில் பழகிக்கொண்டு வாருங்கள் என்று.

கோயமுத்தூரில் இருக்கும் என் மகள் ஒரு ஹெட்போன் வாங்கி வந்து, போனில் தம்புரா ஒலிக்கும் ஆப் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பாடிப் பதிவு செய்து கேட்டேன்.

முதல் நாள் கேட்டது என் குரல் என்று நம்ப முடியவில்லை. மண்டைக்குள் கனமாகக் கேட்கும் குரல், வெளியே வந்தால் தகரத்தில் மணல் கொட்டுவது போல இருந்தது. அது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று மகள் சொன்னாள். சரி என்று ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ள முடியாதது இரண்டாவது நாள் நடந்தது. பாட்டைத் தம்புராவோடு சேர்ந்துதான் ஆரம்பித்தேன். மூன்றாவது அடி வரும்போது தம்புரா மேலே நின்றது, நான் கீழே இருந்தேன். நிறுத்தித் திரும்பப் பாடினேன். அதே இடத்தில் அதே மாதிரி. நாலு பாட்டு பாடிப் பார்த்தேன். நாலிலும் இப்படியே.

ஆப்பில் கோளாறு என்று முடிவு செய்தேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், விடை தப்பாக வந்தால் முதலில் தன் வழியைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன், சந்தேகப்பட்டது ஆப்பை.

மன்றத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் என் நெடுநாள் சிநேகிதர், தையல்கடை வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் தமிழர்களும் வாத்தியாரை மலையாளத்துக்காரர்களைப் போல மாஷ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னுங்க மாஷே, அவசரமா வரச்சொன்னீங்க?"

"இதுல சுருதி தானா ஏறுது. என்னன்னு பாருங்க."

நான் பாடிப் பதிவு செய்து வைத்ததை ஹெட்போனில் கேட்டார். கேட்டுவிட்டு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் ஒயரையே நீவிக்கொண்டிருந்தார்.

"சுருதி எங்கீங்க ஏறுது? அது இருந்த எடத்துலதான் இருக்குது. நீங்கதான் எறங்கறீங்க."

"எப்ப இருந்து?"

"எப்பவுமேங்க. ரெண்டு கட்டைல ஆரம்பிப்பீங்க. மூணாவது அடிக்குள்ள ஒன்றரைக்கு வந்துருவீங்க. நானும் வெரலப் பக்கத்துக் கருப்புக் கட்டைக்கு நவுத்திக்குவேன். பின்பாட்டுக்காரங்களும் உங்க கூடவே எறங்கீருவாங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"இத்தனை வருசம் ஏன் சொல்லலை?"

"மன்றத்துக்கு எடம் குடுத்தது உங்க அப்பாரு. பள்ளிக்கூடத்துல எம் பையனுக்கு மார்க் போட்டது நீங்க. நான் போயி உங்களுக்கு மார்க் போடறதுங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "உங்க ஊட்டம்மா ஒருத்தருதான் எறங்க மாட்டாங்க. ஆரம்பிச்ச எடத்துலயே நிப்பாங்க. அதனாலதான் அவங்க கொரல் மட்டும் தனியாக் கேட்டுது."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. மார்கழிக் கடைசி நாள், தெரு சுற்றி முடிந்து கோயில் முன்னால் பொங்கலுக்காக எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பாடும்போது என் மனைவியின் குரல் கூட்டத்தோடு ஒட்டாமல் உரசிக்கொண்டே வந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன்: "உனக்குச் சுருதி சேரலை. நாளைப் பின்ன நீ கையை மட்டும் தட்டு, போதும்." அதோடு விட்டிருக்கலாம். "எங்க ஊட்டு எருமை இவ பாட்டுக்குப் பயந்துட்டுத்தான் பாலு குடுக்குது" என்றும் சொன்னேன். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பொங்கல் வந்ததும் எனக்கு இலை போட்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து அவள் தவறாமல் பஜனைக்கு வந்தாள், கையை மட்டும் தட்டினாள். வீட்டிலும் பாடுவதை நிறுத்திவிட்டாள். தூங்கப் போகும்போது மகள் பாட்டுக் கேட்டால் கதை சொன்னாள். நான் இதைக் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். கவனித்தேன். சொன்னதைக் கேட்டு நடக்கிறாள் என்று உள்ளூரத் திருப்தியாகக்கூட இருந்தது.

சிநேகிதர் போன பிறகு பின்கட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. சுருதி விட்டது நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

"தெரியுமா? ஏன் சொல்லலை?"

"சொன்னாக் கேக்கற ஆளுங்களா நீங்க? எருமையக்கூட சாட்சிக்குக் கூப்பிட்டீங்க."

அவள் கை நிற்கவில்லை. ஒரு காய், இன்னொரு காய். நான் அவசரப்பட்டு, "ஸ்டூடியோவுல நீ பாடோணும். நீதான் முன்பாட்டு" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்துன்னீங்க, நிறுத்துனேன். இப்பப் பாடுங்கறீங்க, ஒடனே பாடோணுமா? அது பைப்புத் தண்ணியாங்க, திருப்புனா வர்றதுக்கு?"

நானும் ஒரு காயை எடுத்து உரித்தேன். "மன்றத்துல இதைச் சொல்லீரட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"சொல்லோணுமுங்க. அங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?"

சனிக்கிழமை மன்றத்தில் எல்லோரும் வந்த பிறகு எழுந்து நின்று சொன்னேன். நான் சுருதியிலிருந்து இறங்குகிறவன், ஆர்மோனியம் இத்தனை நாள் என்னைத் தாங்கிப் பிடித்தது, என் மனைவி சரியாகப் பாடினாள், அவளை எல்லோர் முன்னாலும் கேலி செய்து வாயை மூட வைத்தேன், இனி நான் முன்பாட்டு பாடப்போவதில்லை. இவ்வளவுதான். பெண்கள் பக்கம் வயதான ஒரு அம்மா, "இப்பவாச்சும் மாஷுக்குக் காது கேட்டுச்சே!" என்றார். சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது எனக்கானது, சரியாகவே சேர்ந்தது.

சிநேகிதர் இரண்டு கட்டையில் சுருதியைப் பிடித்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வேற ஆரையாச்சும் பாடச் சொல்லுங்க. எனக்கு வேண்டாமுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. யாரும் வற்புறுத்தவில்லை. தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் முன்பாட்டை எடுத்தாள்.

ஸ்டூடியோவிலும் அந்தப் பெண்தான் முன்பாட்டு பாடினாள். நான் பின்பாட்டில், கடைசி மைக்கில் நின்றேன். ஹெட்போனில் என் குரல் இறங்கப் பார்க்கும் இடம் வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டேன். பாதிப் பாட்டுக்கு மேல் மூடிக்கொண்டுதான் இருந்தேன். என் மனைவி எங்களோடு வேனில் வந்து, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இந்த மார்கழியில் ஒரு நாள் ஆள் குறைந்தபோது அந்தப் பதிவைப் போட்டார்கள். நானும் என் மனைவியும் வீட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். காற்று பாட்டைக் கொண்டுவந்தது, கொஞ்சம் எடுத்துக்கொண்டும் போனது. ஆரம்பித்த இடத்திலேயே கடைசி வரை நின்ற பாட்டு. அவள் முழுதும் கேட்டாள்.

"நல்லா வந்திருக்குதுங்க" என்றாள்.

"ஆமா" என்றேன். அவள் குரல் அதில் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை.