பன்னிரண்டு அடி நைலான்

இரும்பு வயர் ரோப் பன்னிரண்டு அடி பற்றவில்லை. சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு புது ஃபேக்டரியில், பதினெட்டு டன் பிரஸ் மெஷினை மேட்டில் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் மழையில் மண் கொழகொழவென்று ஆகி, கிரேன் உள்ளே வர வழியில்லை. மெஷினை இரும்புச் சட்டத்தில் உட்காரவைத்து, மேட்டின் மேலே நட்ட வின்ச்சில் கயிற்றைச் சுற்றி இழுப்பதென்று முடிவு. பாரம் கட்டி இழுக்கும் ரிக்கிங் வேலைக்கு ஃபோர்மேன் நான்தான்.

வின்ச்சைப் பிடுங்கிக் கொஞ்சம் கீழே நட்டால் கயிறு போதும். ஆனால் அரை நாள் போய்விடும். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து நின்றார்.

"இன்னா மேஸ்திரி, லஞ்சுக்குள்ள முடிச்சுடுவீங்களா?"

"முடிச்சுடலாம் சார்" என்று வாய் முந்திக்கொண்டது. லாரியில் கிடந்த தடித்த நைலான் கயிற்றை எடுத்து, ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தை மாட்டி வயர் ரோப்போடு சேர்த்தேன். தாங்கும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வின்ச்சில் உட்கார்ந்தது பாண்டி. தூத்துக்குடிக்காரன், பத்து வருடமாக என்னோடு வேலை பார்ப்பவன். பாதி மேட்டில் சட்டம் ஒரு பாறையில் முட்டி நின்றது. வின்ச் சுற்றியது, மெஷின் அசையவில்லை. நைலான் மட்டும் நீண்டுகொண்டே போய் மெலிந்தது.

வயர் ரோப்பில் ஓரிரு இழையாவது முன்னாடியே தெறித்துக் காட்டும். நைலான் பெரும்பாலும் சத்தமே போடாது. ரப்பர் மாதிரி இழுப்பையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, அறுந்தால் ஷேக்கிளைத் தோட்டா போல எறியும். அதற்கு நேர் எதிரே பாண்டியின் நெஞ்சு இருந்தது.

"நிறுத்து! பிரேக்க அமுக்கு! எழுந்துடாத பாண்டி!"

கால் பிரேக் வைத்த பழைய வின்ச் அது. அவன் எழுந்தால் மெஷின் பின்னால் சரிந்து கவிழும். மற்றவர்களைத் தூர விரட்டிவிட்டு, நானே இரண்டு மரக்கட்டைகளோடு சட்டத்தின் பின்னால் ஓடினேன். சேற்றில் முதல் கட்டை இரண்டு முறை நழுவியது.

"அண்ணாச்சி, கயிறு பெருவிரல் மொத்தத்துக்கு வந்துட்டு. சீக்கிரம்!" மேலிருந்து பாண்டியின் குரல் உடைந்து வந்தது.

கட்டைகளை அடித்து இறுக்கினேன். "மெதுவா வுடு. டக்குனு வுட்டுடாத" என்று கத்தினேன். அங்குலம் அங்குலமாக விட்டான். சட்டம் கட்டையில் சாய்ந்து நின்றது. கயிறு தொய்ந்து சேற்றில் விழுந்தது.

மேலே போனால், பாண்டி சீட்டிலேயே இருக்கிறான். பிரேக்கை மிதித்த கால் விறைத்துப்போயிருந்தது. நான்தான் பிடித்து எடுத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டான்.

"இந்தச் சீட்டுல நீங்க இருந்திருந்தா, இத மாட்டியிருப்பியளா அண்ணாச்சி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டியிருக்க மாட்டேன்டா" என்றேன்.

புதிதாக ரிக்கிங்குக்கு வருகிறவர்கள் கயிற்றின் தடிமனைப் பார்ப்பீர்கள், அது தாங்குமென்று டேக்கில் எழுதியிருக்கும் எடையையும் பார்ப்பீர்கள். இரண்டும் சரிதான். நான் அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை, கயிற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதல் இழுப்புக்கு வின்ச் சீட்டில் நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். அரை நாள் வீணாகிறதே என்று அதன்பின் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.