காதர் அண்ணன் சட்டைப்பையில் இருந்த வால்வுப் பிடி

செவ்வாய்க்கிழமை காலை இரும்புலியூரில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, காதர் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று செய்தி வந்தது. மாரடைப்பு என்றார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் அல்ல, தண்ணீர்த் தொட்டி. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

பம்மலில் இருக்கும் எங்கள் சிறிய ஆலையை அறிந்தவர்களுக்கு, அங்கே என்னுடன் வேலை பார்த்த அவரையும் தெரியும். சோயா எண்ணெயில் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் திரவம் செய்கிறோம். பெட்ரோலியச் சரக்குக்கு மாற்று. சேர்க்கச் சேர்க்க எண்ணெய் சூடாகும். கலனைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கலன் வெடிக்கலாம். தண்ணீரோ லாரியில் வருகிறது. காதர் அண்ணன் தினமும் மாடியேறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். நிறைந்திருந்தால்தான் பெராக்சைடு வால்வில் பிடியைப் பொருத்துவார். மற்ற நேரமெல்லாம் அது அவர் சட்டைப்பையில் கிடக்கும்.

"செடியிலேர்ந்து வர்ற சரக்கு பாய், இதுக்குப் போய் ஏன் இவ்ளோ பயம்?" என்று மேலாளர் ஒருமுறை கேட்டார்.

"வடைச் சட்டியில கீறதும் செடி எண்ணெதான் சார். கைய வுட்டுப் பாருங்க."

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது, லாரி வந்ததும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லிப் பிடியை என்னிடம் தந்தார். லாரி வரும் முன்பே அளவுமானி தொட்டி நிறைந்ததாகக் காட்டியது. நான் மாடி ஏறாமலே வால்வைத் திறந்துவிட்டேன். உள்ளே மிதவை சிக்கியிருந்தது, தொட்டியில் தண்ணீர் இல்லை. அவர் திரும்பி வந்தபோது சூடு ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தேன். வால்வை மூடிவிட்டு, பீப்பாய்த் தண்ணீரை வாளி வாளியாகக் கலன்மேல் ஊற்றினார். மேலாளரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எண்ணெ எங்கியும் ஓடிப் போவாது, காலேஜு. தண்ணி வரட்டும்." எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான் என்று தெரிந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார்.

துக்கம் கேட்கப் போனபோது, துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து எடுத்ததாக அவர் மனைவி அந்தப் பிடியைக் கொடுத்தார். "உங்க கம்பெனிதுதாம்மா. தூங்கச் சொல்லோகூட பக்கத்துலயே வச்சினு இருப்பாரு."

இன்று காலை மேலாளர் பிடியைக் கேட்டார். மூன்று நாளாக வேலை நின்றிருக்கிறது. மாடியேறிப் பார்த்தேன். தொட்டியின் அடியில் பாசி தெரிந்தது. இறங்கி வந்து, பிடியைத் தராமல், தண்ணீர் இல்லை என்று சொன்னேன். குரல் எழும்பவில்லை, அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. புதுப் பிடி வாங்கிவரக் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

பழையது என் பையில் இருக்கிறது. அதை வைத்து இனி எதையும் தடுக்க முடியாது. கடைக்குப் போனவர் திரும்புவதற்குள் மேலாளர் அறைக்கு மறுபடி போய், அண்ணன் எனக்கென்று விட்டுப்போன இரண்டே சொற்களை உரக்கச் சொல்ல வேண்டும். தண்ணி வரட்டும்.