மூன்றாவது சிலிண்டர்

அந்தச் சத்தத்தை முதன்முதல் கேட்டபோது நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆகஸ்ட் பரீட்சை முடிந்த கையோடு ஊஸ்டர் வீட்டிலிருந்து ரயிலேறி, கார் நிற்கும் எம்மன்புரூக்கேக்கு ஓடியிருந்தேன். இரண்டு கிழமையாகத் தொடாத கார். பழைய ஜப்பான் கார், இரண்டே இருக்கை, திறந்த கூரை, நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவைக்கு மேல் சுற்றினால்தான் உயிர் வரும் எஞ்சின். குளிராக இருந்தவரை ஒன்றுமில்லை. சூடானபின் மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் டொக், டொக், டொக். யாரோ உள்ளேயிருந்து விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல.

வால்வு இடைவெளியை அதற்கு முந்திய பனிக்காலத்தில் நானே சரிசெய்திருந்தேன். முதல் தடவை.

கார் என்னுடையது, பதிவு என் பெரியம்மாவின் மகன் பெயரில். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இங்கே சுவிஸில் ஒரே ஆளின் பெயரில் இரண்டு கார் இருந்தால் ஒரே இலக்கத்தகட்டை மாற்றி மாற்றிப் பூட்டி ஓடலாம். வெக்செல்நம்மர் என்பார்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்கு வேகக் கார் என்றால் காப்புறுதிக்காரர் முகம் சுளிப்பார்கள். "என்ர பேரிலை போடுவம், ஆர் கேக்கப்போகினம்?" என்றார் அண்ணை. எங்கள் ஆட்களுக்குள் அதுதான் வழக்கம். கடை ஒருவர் பேரில், வீடு இன்னொருவர் பேரில். எழுதித் தா என்று கேட்டால் கேட்டவருக்குத்தான் வெட்கம். காரும் அவர் வாடகைக்கு எடுத்த ஷெட்டிலேயே நின்றது. கார்த் திறப்பும் ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம்.

"அண்ணை, ஒருக்கா வந்து கேளுங்கோ."

வந்தார். காதைச் சாய்த்தார். "வால்வுதான். நான் அப்பவே சொன்னனான், புத்தகம் படிச்சு எஞ்சினிலை கை வைக்காதை எண்டு."

"அளந்துதான் பூட்டினனான்."

"ஓம் ஓம், இஞ்சினியர் அம்மா அளந்தவ."

சிரித்தோம். நான் கொஞ்சம் குறைவாக.

அப்படி மூன்று சனிக்கிழமை போயிற்று. முதல் சனி வால்வு மூடியைக் கழற்றி ஒவ்வொன்றையும் திரும்ப அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் சனி, "சைலென்சர் தகடு ஆடுது போல" என்றார், அதையும் இறுக்கினோம். எங்கள் ஷெட்டுக்கு எதிரே ஒரு சுவிஸ்காரக் கிழவர் இருந்தார். மதியம் பன்னிரண்டு அடித்தால் எஞ்சின் சத்தம் கேட்கக்கூடாது, ஞாயிறு என்றால் மூச்சே விடக்கூடாது. கிடைத்த கொஞ்ச நேரத்தில், "இன்னும் கொஞ்சம் ஏத்து, வடிவாக் கேப்பம்" என்று அண்ணைதான் மிதிக்கச் சொன்னார். நானும் மிதித்தேன். ஒரு தடவை மட்டும், "ஒவ்வொரு சிலிண்டராக் கொயிலைக் கழட்டிப் பாப்பமோ?" என்று கேட்டேன். சிலிண்டருக்கு நெருப்புப்பொறி கொடுப்பது கொயில்; கழற்றினால் அந்தச் சிலிண்டர் மட்டும் நிற்கும், சத்தம் எதிலிருந்து என்று தெரிந்துவிடும்.

"வேண்டாம் பிள்ளை. சென்சர் பழுதாப் போகும்."

பழுதாகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் விட்டுவிட்டேன். அண்ணை சொல்கிறாரே.

மூன்றாம் சனி அவர் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் நான் கழற்றினேன். முதலாவது கொயில்: சத்தம் அப்படியே. இரண்டாவது: அப்படியே. மூன்றாவதைக் கழற்றியதும் தட்டுதல் அடங்கிப்போனது. அந்தச் சிலிண்டரில் நெருப்பு இல்லையென்றால் சுமை இல்லை. சுமை இல்லையென்றால் தட்டாது. வால்வு இல்லை. பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் பெயரிங். நிறுத்திவிட்டு ஒயிலை இறக்கினேன். கறுப்பு ஒயிலுக்குள் செம்பு நிறத்தில் மினுமினுப்பு, நெற்றியில் வைக்கிற ஜிகினாப் பொட்டை நொறுக்கிப் போட்டது போல.

நான் செய்த வேலையால் அது வராது. அப்படியென்றால் எதனால்?

மடிக்கணினியைக் காரோடு கொளுவினேன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் பெட்டியைப் பனிக்காலத்தில் மாற்றியிருந்தேன். ஒவ்வொரு ஓட்டத்தையும் அது பதிந்து வைக்கும். அண்ணைக்கு அது தெரியாது. என் பரீட்சைக் கிழமைகளுக்குள் நான் ஓடாத ஓர் ஓட்டம் இருந்தது. நீளமான ஓட்டம், நடுவில் ஒரே ஒரு கூரான கோடு. ஒன்பதாயிரத்து நூறு சுற்று. எஞ்சின் தானாக அவ்வளவு சுற்றாது, ஏழாயிரத்து ஐந்நூறில் பெட்டியே எரிபொருளை நிறுத்திவிடும். மூன்றாம் கியரிலிருந்து நான்குக்கு மாற்றுகிற அவசரத்தில் கை இரண்டுக்குள் தள்ளினால் மட்டும்தான், ஓடுகிற சில்லுகள் எஞ்சினைப் பிடித்து இழுத்து அவ்வளவு சுற்றவைக்கும்.

அண்ணை இரண்டு கோப்பையோடு உள்ளே வந்தார். ஒயில் தட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்தது.

"நீங்கள் ஓடினனீங்களோ?"

"ஒருக்கா. மலைப்பக்கம்."

"கியர் மாறி விழுந்தது தெரியுமோ?"

"ஒரு செக்கன். உடனை எடுத்திட்டன். அதுக்குப் பிறகும் நல்லாத்தானே ஓடினது."

"அண்டைக்கே சொல்லியிருந்தா பெயரிங்கை மட்டும் மாத்தியிருக்கலாம். மூண்டு சனியா அதைப் போட்டு மிதிச்சு… உள்ளுக்குள்ளை தண்டையே அராவியிருக்கும்."

"எஞ்சின் எண்டா பழுதாகும்தான். இப்ப என்ன, திருத்தினாப் போச்சு."

"என்ர வேலை பிழை எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள். என்ர கையைப் பிடிச்சுக் காட்டி, இந்த இடத்திலை பார் எண்டனீங்கள்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். கொஞ்சமும் கோபமில்லாத குரலில், வெயில் எறிக்குது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்: "பேப்பரிலை என்ர கார்தானே."

நான் வாங்கிப் பூட்டிய பெட்டியின் நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். அதற்கு மட்டும் எவர் பேரிலும் பேப்பர் இல்லை. ஒயில் கையோடேயே அதைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

லுசேர்ன் தாண்டியதும் அம்மா அழைத்தார். "என்ன பிள்ளை, வால்வைத் திருகிக் காரைக் கெடுத்துப்போட்டியாமே. இப்பதான் அண்ணை எடுத்தவன். பாவம், மூண்டு சனியா உனக்காக மினக்கெட்டிருக்கிறான். ஒரு நன்றி சொன்னியோ?"

"நான் கெடுக்கேல்லை அம்மா!"

ரயில் பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி சரி, ஏன் கத்துறாய்? ஆரும் பிழை விடுறதுதானே."

மடிக்கணினி மடியில் திறந்தே கிடந்தது. இதோ பாருங்கோ என்று அம்மாவிடம் காட்டலாம். அவருக்கு அது ஏதோ ஒரு கோடு. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இரண்டே பேர். மற்றவர் ஏற்கெனவே அம்மாவோடு கதைத்து முடித்திருந்தார்.