அக்காவின் படப் புத்தகங்களும் என் ஐந்து கேள்விகளும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், நினைவு மலருக்காக அன்னாரைப் 'பொறுமையே உருவானவர்' என்று எழுதித் தருமாறு உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் அக்காவின் கடைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவர்கள். வைத்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அக்கா வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஹட்டனில் ஒரு புத்தகக் கடைக்கு வேலைக்குப் போனார். இருவரில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலையில் குடும்பம் என்னைத் தேர்ந்தெடுத்தது. ஆள் பார்ப்பதில் எங்கள் குடும்பம் எப்போதுமே கெட்டிக்காரத்தனம் காட்டியதில்லை.

நம் ஊர்ப் புத்தகக் கடைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொப்பி, பேனை, பசை, பிறந்தநாள் பலூன். புத்தகங்கள் மட்டும் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் தண்டனை அனுபவிக்கும். எட்டிப் பார்த்தால், "பேரச் சொல்லுங்க, எடுத்துத் தர்றோம்" என்பார்கள். பெயர் தெரியாத புத்தகத்தைச் சந்திக்கத்தானே மனிதன் கடைக்கு வருகிறான்? அந்த அலுமாரியைத் துடைப்பது அக்காவின் வேலை. ஒருநாள் துடைக்கிற சாக்கில் ஒரு படப் புத்தகத்தை விரித்தாராம். குடை பிடித்த தவளை. "அன்னிக்கி அந்த ஒரு தட்டையே மத்தியானம் வரைக்கும் தொடச்சேன்" என்பார்.

பின்னாளில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சொந்தக் கடை போட்டபோது, அலுமாரிக் கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் அக்கா புத்தகம் அடுக்கினார். தரையில் பாய். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு துவாய். கை கழுவிய பிள்ளை எதையும் எடுக்கலாம். கொழும்பிலிருந்து கட்டு வந்தால், பிரித்த உடனே புதுத்தாள் வாசனையைப் பிள்ளைகள் முகர்ந்த பிறகுதான் புத்தகம் தட்டுக்கு ஏறும். மழை நாளில் மூன்று பிள்ளைகள் குப்புறப் படுத்து, ஒரே பக்கத்தில் இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் எறும்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"ஒன்னுமே வாங்காம போகுதுங்களே அக்கா" என்றேன் ஒருமுறை.

"நீ பத்து வருஷமா இங்க ஓசிப் பேப்பர் படிக்கிற. நான் ஏதும் கேட்டேனா?"

பெற்றோர் வேறு ரகம். ஒரு தகப்பன் படப் புத்தகமொன்றை முன்னும் பின்னும் புரட்டினார்.

"என்னம்மா, இதுல கேள்வியே இல்லியே?"

"இல்லீங்க."

"அப்ப புள்ளைக்கு வெளங்கிருச்சான்னு எப்பிடித் தெரியும்?"

"சிரிச்சா வெளங்கிருச்சிங்க."

அவர் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளை வாங்கிக்கொண்டு போனார். அதைத் தயாரித்த மேதை அடியேன். நான் ஆசிரியன், ஊருக்கு 'சேர்'. தரம் ஐந்துப் பிள்ளைகளை மலை மலையாக அழவைத்த பெருமை என் வினாத்தாள்களுக்கு உண்டு. அக்கா அவற்றை விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அக்கா நோயுற்று ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரம் கடை என் பொறுப்பில் இருந்தது. படித்தவன் சும்மா இருப்பானா? ஒவ்வொரு படப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஐந்து கேள்விகள் அச்சடித்து ஒட்டினேன். 'யானை எங்கே குளித்தது?' 'யானையின் நிறம் யாது?' கீழே விடைகள், தலைகீழாக. அசையாமல் கிடந்த புத்தகங்கள் பறந்தன. நற்செய்தி சொல்ல அக்காவின் வரவுக்காகக் காத்திருந்தேன்.

அக்கா வந்த மறுநாள் ஒரு தாயும் சிறுமியும் கடைக்கு வந்தார்கள்.

"இத மாத்தித் தாங்கக்கா. இவளுக்குக் கஷ்டமாம்."

"படப் புத்தகத்துல என்னடா தங்கம் கஷ்டம்?" என்றார் அக்கா.

சிறுமி பாயின் பக்கம் பார்க்கவே இல்லை. "அஞ்சுல ரெண்டுதான் சரி. யானை நீலம்னு எழுதுனேன். பிழையாம்."

அக்கா புத்தகத்தை விரித்தார். அந்தி நேரத்து ஆற்றில் யானை நீலமாகத்தான் நின்றுகொண்டிருந்தது. என் விடை: கறுப்பு.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீ படத்தப் பாத்தியாடா?"

"இல்லக்கா."

"வித்த வீட்டுக்கெல்லாம் போயி உரிச்சிட்டு வா."

நோய் மறுபடி கிடத்திவிட, கடைசி இரண்டு மாதமும் அக்கா படுக்கையில் இருந்தபடியே, மிச்சமிருந்த புத்தகங்களில் என் தாள்களை ஈரத் துணியால் உரித்தார். நான் வீடு வீடாகப் போனேன். தேநீர் கொடுத்தார்கள், உரிக்க விடவில்லை. "கேள்விக்குத்தானே சேர் வாங்குனோம்" என்றார்கள். பட்டிப்பொலயில் ஒருவர் இன்னும் ஐந்து எழுதித் தரச் சொன்னார். இப்படியொரு வாசகர் கூட்டத்தை நானேதான் வளர்த்திருக்கிறேன்.

"எல்லாத்தையும் உரிச்சிட்டியா?" என்று அக்கா கேட்டபோது, "உரிச்சிட்டேன்க்கா" என்று பொய் சொன்னேன். அந்த வாரமே போய்விட்டார்.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அடைமழையில் பெட்டி சுமந்தவர்களுக்கும், கடையடைத்து அஞ்சலி செலுத்திய அயல் வியாபாரிகளுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. இந்த மலர் சேரும் வீடுகளில் பல, அந்தப் புத்தகங்கள் இருக்கும் வீடுகள். தயவுசெய்து கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருப்பதை உரித்துவிடுங்கள். மனம் வராதவர்கள், உங்கள் பிள்ளையை அழைத்து இதை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்: யானை நீலம்தான். பிழை விட்டது சேர்.