தொட்டில் கொக்கி

முப்பது வருடம் சித்தாளாகக் கலவை சுமந்த ராமுத்தாய், சின்னமனூரில் தனக்கென்று கட்டிய வீடு அது. வாடகைக்கு விட்ட முன்னறையில் இலவம்பஞ்சு மூட்டைகள் நாலு மணி நேரம் எரிந்தும் கூரை விழவில்லை.

"சிமெண்டு எரியுமாம்மா? கரியைக் கழுவி வெள்ளையடிச்சாத் தீந்துச்சு" என்றான் மகன் மதன்குமார். மறுநாள் மனைவி கைக்குழந்தையோடு வருகிறாள் என்று, அந்த அறைக் கொக்கியிலேயே தொட்டில் சேலையையும் கட்டிவிட்டான்.

ராமுத்தாய் ஸ்டூலில் ஏறிக் கொக்கியருகே சுத்தியலால் தட்டினாள். கிண்ணென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று கேட்டது. சில்லு ஒன்று பெயர்ந்தது. உள்ளே சாம்பல் நிறம் போய் இளஞ்சிவப்பாக இருந்தது. விரலால் நெருடினாள், மாவாய் உதிர்ந்தது.

"என்னம்மா, நீ என்ன இஞ்சினியரா?"

"வெந்துபோச்சுலே. இப்ப நிக்குது, அம்புட்டுத்தான். பாரம் தாங்காது."

அவன் சிரித்தபடி கொக்கியைப் பிடித்துத் தொங்கிக் காட்ட வந்தான்.

"ஏலே, தொடாத!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் சிரிப்பு நின்றது.

"இந்தக் கூரைக்கு நீ எத்தன சட்டி சுமந்திருப்பம்மா?"

ராமுத்தாய் தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்தாள்.

"ஒன் பொண்டாட்டிய அவுக வீட்டுலயே இருக்கச் சொல்லு. கடப்பாரைய எடுத்துட்டு வா."